பாதியில் நிற்கும் இயலைத் துறைப் பயிலரங்கில் படிக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். கோவையை அடுத்த ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது முதல் 1957இல் மாநில மின்வாரியம் அமைந்தது வரையிலான காலத்தில், அவிநாசி, பல்லடம் வட்டாரத் தோட்டங்களில் மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலை இறைப்பு போய் மின்மோட்டார் வந்த வரலாறே என் ஆய்வுப் பொருள். எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வுகளைத் துறைக்குள் பகிர்ந்துகொள்வதற்காக, மாதம் ஒருமுறை கூடும் பயிலரங்கு ஒன்றை எங்கள் துறையில் இந்தப் பருவத்தில் தொடங்கியிருக்கிறார்கள். முடிந்த கட்டுரை வேண்டாம், கையில் இருக்கும் இயலையே தாருங்கள் என்பதுதான் அவர்கள் விதித்திருக்கும் ஒரே நிபந்தனை. அடுத்த மாதம் என் முறை.

கொடுக்க நினைத்திருப்பது மூன்றாம் இயல். அதன் முற்பாதி அரசு மின்துறையின் ஆண்டறிக்கைகளையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்த வருவாய் வாரிய நடவடிக்கைகளையும் கொண்டு ஓரளவு உருப்பெற்றுவிட்டது. பிற்பாதி, ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பண்ணையக் கணக்குப் புத்தகங்களைச் சார்ந்தது. மாட்டுக்கு வாங்கிய பருத்திக்கொட்டை, சாலுக்கு (கவலையில் நீர் மொள்ளும் கலம்) தைத்த தோல், வடக்கயிறு, மோட்டார் பழுது பார்த்த கூலி, ஆட்களுக்கு அளந்த கம்பும் சோளமும் என்று எல்லாம் அவற்றில் வரிசையாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அரசு அறிக்கைகளைப் படித்தால் மின்சாரம் எட்டிய ஊர்களில் கவலை விரைவில் ஒழிந்துவிட்டது போலத் தோன்றுகிறது. கணக்குப் புத்தகமோ, மோட்டார் வாங்கிய பிறகும் பல ஆண்டுகள் அந்த வீட்டார் சாலுக்குத் தோல் வாங்கிக்கொண்டே இருந்ததைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்து என்ன சொல்வது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் நெறியாளர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார், "முடித்துவிட்டுக் காட்டலாம், அரைகுறையாகக் காட்டினால் அந்த அபிப்பிராயம் வாய்மொழித் தேர்வு வரைக்கும் கூடவே வரும்" என்று. வரைவு துறையின் வாட்ஸ்அப் குழுவில் போடப்படும் என்பதால், அது எங்கெங்கே போகும் என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. இத்தகைய பயிலரங்குகளில் பங்கேற்றவர்கள், எதைக் கொடுக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பவானிக்கூடல்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் துறையில் இதே போன்ற கூட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருவதால் அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் நெறியாளரின் அச்சம் ஆதாரமற்றது அன்று. நம் துறைகளில் மேடை என்றாலே அரங்கேற்றம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பவர்பாயிண்ட், "மிக அருமையான கட்டுரை" என்று தொடங்கும் கருத்துரை, கடைசியில் சான்றிதழ் என்றே பழகிய அவையில், முடியாத இயலைக் கொண்டுபோய் வைப்பவர் தயாராகாமல் வந்தவராகத்தான் தெரிவார். ஆகவே இயலைக் கொடுக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், கூட்டத்தின் நடைமுறை எப்படி இருக்கப்போகிறது என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். புதிதாகத் தொடங்கியிருப்பதால் சொன்னால் மாற்றிக்கொள்வார்கள்.

எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். வரைவு ஒரு வாரத்திற்கு முன்பே படிப்பவர்களின் கைக்குப் போய்விட வேண்டும், பதினைந்து பக்கத்தைத் தாண்டக் கூடாது. கூட்டத்தில் எழுதியவர் அதை வாசிப்பதில்லை. முதலில் பேசுபவர், வேறு காலத்தையோ வேறு பொருளையோ ஆராயும் ஒருவர். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த இயல் என்ன சொல்கிறது என்று தம் சொற்களில் திருப்பிச் சொல்வது. பாராட்டோ குறையோ அதற்குப் பிறகுதான். நாம் சொல்ல நினைத்தது ஒன்றாகவும் அவர் புரிந்துகொண்டது வேறொன்றாகவும் இருப்பது அந்தப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும், பல நேரங்களில் அதுவே கூட்டத்தின் முழுப் பயனாகவும் அமைந்துவிடுகிறது. அடுத்ததாக முதுகலை மாணவர்கள் பேசுவார்கள், பிறகு ஆய்வாளர்கள், கடைசியில் பேராசிரியர்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் துறைத்தலைவர் சொன்னதையே எல்லோரும் வேறு வேறு சொற்களில் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். குறிப்பெடுக்கும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்; குனிந்து எழுதிக்கொண்டிருப்பவருக்கு யார் எதைக் கேட்டார்கள் என்பது காதில் விழாது.

இனி உங்கள் இயலுக்கு வருகிறேன். நீங்கள் சிக்கல் என்று குறிப்பிடுவதுதான் அந்த இயலில் படிக்கத்தக்க பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. முற்பாதியை மட்டும் மெருகேற்றிக் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது தட்டச்சுப் பிழைத் திருத்தமாகத்தான் இருக்கும். இரண்டு பாதிகளும் முட்டிக்கொள்ளும் இடத்தை மையமாக வைத்துப் பதினைந்து பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். முகப்பில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதி, இந்த இயல் ஆய்வேட்டில் எங்கே வருகிறது, எந்தப் பகுதி உறுதியாகிவிட்டது, எந்த இடத்தில் வாசிப்பவரின் உதவி தேவை என்பதைச் சொல்லிவிடுங்கள். "பொதுவாகக் கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பொதுவான கருத்துதான் வரும். "மோட்டார் வாங்கிய வீட்டில் சாலுக்குத் தோல் ஏன் வாங்கப்பட்டது" என்று கேட்டுப் பாருங்கள், தோட்டம் உள்ள வீட்டிலிருந்து வரும் மாணவர்களே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மின்தடை நேரத்துக்காக இருக்கலாம். இரண்டாவது கிணற்றில் மோட்டார் வைக்காமல் விட்டிருக்கலாம். போர்க்காலத்தில் மோட்டாருக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போயிருக்கலாம். 1937இல் ஜி. டி. நாயுடுவின் முயற்சியில் கோவையிலேயே மின்மோட்டார் தயாரிக்கப்பட்ட பிறகு பழுது பார்க்கும் செலவு குறைந்ததா என்பதை உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே சொல்ல முடியும் அல்லவா?

கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களை நகலெடுத்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லியோபோல்ட் வான் ராங்கே தம் மாணவர்களை வீட்டில் கூட்டிவைத்து மூல ஆவணங்களைச் சேர்ந்தே படித்ததிலிருந்து வளர்ந்ததுதான் வரலாற்றுத் துறைகளின் செமினார். மூலத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசும் பழக்கம் நம்மிடம் குறைந்து, மூலத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது.

பதில்: சேர்வராயன்

மேலே எழுதியவர் நன்றாக நடக்கும் ஒரு துறையிலிருந்து எழுதுகிறார். எல்லாத் துறைகளும் அப்படி நடப்பதில்லை என்பதைச் சேலத்துப் பக்கமிருந்து நான் சொல்லியாக வேண்டும். ஒரு கருத்தரங்கில் நான் படித்த, இன்னும் வெளியிடாத நடுகல் செய்தி ஒன்று, அடுத்த ஆண்டு அந்த அவையில் இருந்த ஒருவரின் கட்டுரையில் என் பெயர் இல்லாமல் வந்தது. கேட்டதற்கு, "அந்தக் கல் ஊருக்குப் பொதுவானதுதானே" என்ற பதில்தான் கிடைத்தது. கல் பொதுவானதுதான், மறுக்கவில்லை. அதைத் தேடிக் காட்டுக்குள் அலைந்த கால் என்னுடையது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பிறருடைய எண்ணத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் கருத்துத் திருட்டு என்றுதான் வரையறுக்கிறது. ஆனால் தண்டனைக்கு அது வைத்திருக்கும் அளவுகோல் எழுத்தின் ஒற்றுமை விழுக்காடு. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாகக் கூடும். உங்கள் ஆவணத்தை எடுத்துத் தம் சொற்களில் எழுதிவிட்ட ஒருவரை அந்த மென்பொருள் பிடிக்காது. அதே மென்பொருள், உங்கள் வரைவை யாரேனும் இணையத்தில் ஏற்றிவிட்டால், பிற்பாடு உங்கள் ஆய்வேட்டையே அந்த வரைவோடு ஒப்பிட்டு உங்கள் மேல் விழுக்காடு காட்டும். அந்த நேரத்தில் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகையால் என் யோசனை சற்றே வேறுபடுகிறது. வாதத்தை முழுவதுமாகக் கொடுங்கள். ஆவண எண்களையும், கணக்குப் புத்தகம் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் "வரைவு, ஆசிரியரின் அனுமதியின்றி மேற்கோள் காட்டவோ பகிரவோ கூடாது" என்று தேதியுடன் அச்சிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட வேண்டாம் என்று சொல்லி, வருவதாக உறுதி சொன்னவர்களுக்கு மட்டும் உங்கள் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். எந்தத் தேதியில் யார் யாருக்குப் போனது என்பதற்கு அதுவே சாட்சி. கூட்டம் முடிந்ததும் அச்சுப்படிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் தவறில்லை; முதல் முறை சிலர் முகம் சுளிப்பார்கள், அடுத்தடுத்த கூட்டங்களில் அதுவே வழக்கமாகிவிடும்.

பதில்: பழைய அடங்கல்

நான் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பல்லடம், அவிநாசி என்ற பெயர்களைக் கண்டதால் எழுதுகிறேன். அம்மணி, பயிலரங்கைப் பற்றியும் திருட்டைப் பற்றியும் மேலே இருவரும் பேசிவிட்டார்கள்; நான் கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நிலவரித் திட்டப் பதிவேட்டில் "புன்செய்" என்று இருப்பதையெல்லாம் மானாவாரி நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. சொந்தச் செலவில் கிணறு வெட்டியவருக்கு அதற்காக வரியைக் கூட்டுவதில்லை என்பது, அரசு உழவரிடம் நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நிலைபெற்ற கொள்கை. அதனால் கிணற்றுப் பாசனத்தில் கரும்பும் மஞ்சளும் கம்போடியாப் பருத்தியும் விளைந்த தோட்டங்கள்கூடப் பதிவேட்டில் புன்செய்யாகவே நிற்கும். கொங்கு நாட்டில் நாம் கிணறு உள்ள தோட்டம் வேறு, மழையை நம்பிய காடு வேறு என்று பேசுகிறோம்; பதிவேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தப் புலத்தில் எந்தப் பருவத்தில் எந்தப் பாசனத்தில் என்ன விளைந்தது என்று அறிய வேண்டுமானால் அடங்கலைத்தான் பார்க்க வேண்டும். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது கிராமக் கணக்குகள் புதிய கிராம நிர்வாக அலுவலர்களின் கைக்கு மாறின. பழைய அடங்கல்களைத் தேடுவோர் அந்தக் கைமாற்றத்தை மனத்தில் கொண்டு தேட வேண்டும்.

இரண்டாவது, ஆண்டு. வருவாய்க் கணக்கு பசலி ஆண்டில் இருக்கும். பசலி 1342 என்பது 1932 ஜூலை முதல் 1933 ஜூன் வரை. மின்துறை அறிக்கை ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டைப் பின்பற்றுவது. வீட்டுக் கணக்கு சித்திரையில் தொடங்கும் தமிழ் ஆண்டில் எழுதப்பட்டிருந்தால், ஆங்கீரச ஆண்டு என்பது 1932 ஏப்ரல் நடுவிலிருந்து அடுத்த ஏப்ரல் நடு வரை. மூன்றையும் "1932" என்று ஒரே கட்டத்தில் போட்டு அட்டவணை அமைத்தால், ஒரு கோடைகால இறைப்பு முழுவதும் தவறான ஆண்டில் போய் விழும். கவலையும் மோட்டாரும் மிகுதியாக ஓடுவதே கோடையில்தான் என்பதால் உங்கள் ஆய்வுக்கு இது சிறு விஷயம் அன்று.

மூன்றாவது, மாவட்ட எல்லை. கரூர் வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டதால் உங்கள் காலத்துக்கு அது தொல்லை தராது. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்து, பிறகு மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. உங்கள் ஆய்வு 1957 வரை வருகிறது. மாவட்ட மொத்தத்தை அப்படியே எடுத்தால் கடைசி ஆண்டில் பரப்பும் கிணறும் திடீரென்று குறைந்தது போலத் தெரியும், அதற்கு யாரும் ஏதேனும் ஒரு பஞ்சத்தைக் காரணம் காட்டிவிட வாய்ப்புண்டு.

இவற்றையெல்லாம் இயலை முடித்த பிறகு சொன்னால் அட்டவணைகளை முழுவதும் பிரித்துப் போட வேண்டியிருக்கும். உங்கள் துறைப் பயிலரங்குக்கு வெளியாட்களை அனுமதிப்பார்களானால், அந்த வட்டத்தில் வேலை பார்த்த பழைய கணக்குக்காரர் ஒருவரையாவது அழைத்து உட்கார வையுங்கள்.

பதில்: நொய்யல்கரை

மூவருக்கும் நன்றி. பழைய அடங்கல் ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு அட்டவணைகளை வட்ட அளவிலேயே அமைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். ஆவண எண்களைப் பொறுத்தவரை, காப்பகத்தில் யாரும் பார்க்கக்கூடிய கோப்புகளின் எண்களைக் கொடுத்துவிட்டு, வீட்டுக் கணக்கின் இருப்பிடத்தை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஆட்களின் பற்று வரவு பெயரோடும் சாதியோடும் எழுதப்பட்டிருக்கிறது. யாருக்கு எத்தனை வள்ளம் (தானிய அளவை) கம்பு, யார் பற்று தீராமல் ஊரை விட்டுப் போனார் என்பது வரை இருக்கிறது. படிக்கவும் எழுதவும் வீட்டார் முழு அனுமதி தந்துவிட்டார்கள். ஆனால் பயிலரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதே சுற்றுவட்டாரத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள்.

பதில்: ஊத்துக்குளி வாசகி

திருப்பூர் வட்டாரத்தில் தொழிலாளர் வாய்மொழி வரலாறு சேகரித்து வருகிறேன். வீட்டார் அனுமதி தந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகம் அவர்களுடையது, அனுமதி தர அவர்களுக்கு உரிமை உண்டு. அதில் பற்று எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அனுமதி தந்தார்களா என்று உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இருக்காது. சாலைத் தைத்துக் கொடுத்தவர்களும், கவலை ஓட்டியவர்களில் பெரும்பகுதியினரும் யார் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அருந்ததியர் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக்கு முந்தைய கடன், ஊர் பெயரோடும் ஆள் பெயரோடும் ஒரு வரைவில் வந்து, அது கைபேசி கைபேசியாகப் போனால், அந்தக் குடும்பத்தில் இன்று கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அது வெறும் வரலாறாக இருக்காது.

அதற்காகப் பெயர்களை அழித்துவிட்டு "ஆட்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதையும் நான் ஏற்கமாட்டேன். அப்படி எழுதினால் மோட்டார் வந்த கதை நிலம் வைத்திருந்தவரின் கதையாக மட்டும் சுருங்கிவிடும். சாதியைக் குறிப்பிடுங்கள், வேலையைக் குறிப்பிடுங்கள், கூலியைக் குறிப்பிடுங்கள். ஆளின் பெயருக்குப் பதில் நீங்களே ஓர் அடையாள எழுத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஆள் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறார் என்பதைத் தொடர்ந்து பின்பற்றுங்கள். நகல் பக்கங்களை மேசையில் வைக்கலாம் என்று பவானிக்கூடல் சொன்னதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் வைக்கும் பக்கங்கள் தோலும் வடக்கயிறும் மோட்டார் எண்ணெயும் உள்ள பக்கங்களாக இருக்கட்டும். பற்றுப் பக்கங்கள் வேண்டாம்.

உங்கள் சிக்கலைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். சாலுக்குத் தோல் வாங்குவது எந்த ஆண்டில் நிற்கிறது என்பதோடு, ஆளுக்குப் பற்று கொடுப்பது எந்த ஆண்டில் நிற்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோட்டார் வந்த பிறகும் கவலை நீடித்ததற்கு மின்சாரம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பற்று தீராத ஆள் பண்ணையத்தில் இருக்கும் வரை அவருக்கு வேலை கொடுத்தாக வேண்டும், மாடும் கட்டுத்தறியில்தான் நிற்கிறது. 1938இல் சென்னை மாகாணத்தில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிலம் உள்ளவரின் வட்டிச் சுமையைக் குறைத்தது. அதே ஆண்டுகளில் அவரிடம் பற்று வாங்கியிருந்த ஆளின் கணக்கு எப்படிப் போனது என்பதை உங்கள் புத்தகம் காட்டக்கூடும். இதை முடிவாகச் சொல்லவில்லை, பயிலரங்கில் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வியாகவே சொல்கிறேன்.

வள்ளம் எத்தனை படி என்பதை அந்த வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூலி அளந்த வள்ளமும் விற்பனைக்கு அளந்த வள்ளமும் ஒன்றுதானா என்பதை, முடிந்தால், வாங்கியவர்கள் பக்கத்திலும் கேளுங்கள்.

பதில்: பவானிக்கூடல்

மேலே உள்ள திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். பற்றுப் பக்கங்களை மேசையில் வைக்கக் கூடாது. சேர்வராயன் சொன்னதில் மின்னஞ்சல், தேதி, தலைப்புக் குறிப்பு ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். அரசுக் கோப்பு எண்களை மறைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பழைய அடங்கல் ஐயா போன்ற ஒருவர் பிழை கண்டுபிடிக்க வேண்டுமானால் எந்தப் பதிவேடு, எந்தப் பசலி என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த வகையில் நீங்கள் எடுத்திருக்கும் முடிவு சரியானது.

கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்றால், வரைவை ஆங்கிலத்திலேயே அனுப்பிவிட்டு, கலந்துரையாடலைத் தமிழில் வைக்குமாறு கேளுங்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கி வாய் மூடி உட்கார்ந்திருக்கும் முதுகலை மாணவர்கள்தான் சால், வடக்கயிறு பற்றித் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் பேசினால் நெறியாளருக்கும் புதிய செய்தி கிடைக்கும். நெறியாளரிடம் அனுமதி கேட்கும்போது முழு இயலையும் காட்டப்போவதாகச் சொல்லாமல், இந்தப் பதினைந்து பக்கத்தையும் முகப்புக் குறிப்பையும் முதலில் அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.